மண்ணுக்குத் தனி உடன்படிக்கையா, இருப்பதை விரிப்பதா?

காலநிலைக்கும் உயிரினப் பன்மைக்கும் 1992-இல் உலக உடன்படிக்கைகள் வந்தன. நெடுநாள் அழியாத நச்சு வேதிப்பொருள்களுக்கு 2001-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையும், பாதரசத்துக்கு 2013-இல் மினமாட்டா உடன்படிக்கையும் கையெழுத்தாயின. மண்ணையே மையமாக வைத்து எல்லா நாடுகளையும் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை மட்டும் இன்றுவரை இல்லை. மண்ணைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் கூடும் இடமெல்லாம் இந்தக் குறை பேசப்படுகிறது. பேச்சு பெரும்பாலும் "அப்படியானால் ஒன்றை உருவாக்குவோம்" என்பதில் போய் முடிகிறது.

அந்த முடிவு சரிதானா என்று பார்ப்பதற்காகவே இதை எழுதுகிறேன். ஓர் அரசின் பேச்சுக்குழுவோ, அறக்கட்டளையோ, தன்னார்வ அமைப்போ, ஆய்வு நிறுவனமோ, யாராக இருந்தாலும் கையில் உள்ள ஆட்களும் பணமும் அளவானவை. புதிய உலக உடன்படிக்கைக்குப் போராடுவது, ஏற்கெனவே உள்ள பாலைவனமாதல் உடன்படிக்கையை விரிப்பது, கட்டாயமில்லாத கூட்டாண்மையை வலுப்படுத்துவது, அண்டை நாடுகள் சேர்ந்து வட்டாரச் சட்டம் இயற்றுவது, மண்ணில் சேரும் கரிமத்துக்குப் பணம் கொடுப்பது என்று ஐந்து வழிகள் கண்ணெதிரே இருக்கின்றன. எதில் முதலில் இறங்குவது?

எந்த வழியில் போனாலும் எதிரே வரும் கேள்வி ஒன்று உண்டு. காற்று எல்லை தாண்டும், மண் பெரும்பாலும் கிடந்த இடத்தில் கிடக்கும். பிறகு எங்கள் நாட்டு மண்ணைப் பற்றிப் பேச உங்களுக்கு என்ன உரிமை? இதற்கு நேரான பதில் இருக்கிறது. கோபி பாலைவனத்தில் எழும் புழுதி கொரியாவிலும் ஜப்பானிலும் இறங்குகிறது. மேட்டு நாட்டில் அரிபடும் மேல்மண் கீழ்நாட்டின் அணையில் வண்டலாகப் படிகிறது. மேல் ஒரு மீட்டர் ஆழ மண்ணில் சுமார் 1.5 லட்சம் கோடி டன் கரிமம் இருக்கிறது. காற்றுமண்டலத்தில் உள்ளதைவிட இது ஒன்றரை மடங்குக்கும் கூடுதல். அது வெளியேறினால் சூடு எல்லோருக்கும் பொது. இவை தவிர வணிகமும் இருக்கிறது: ஒரு நாட்டின் தேவைக்காக இன்னொரு நாட்டில் காடு உழப்பட்டு, அங்கே மேல்மண் கரைகிறது. ஒரு சென்டிமீட்டர் மண் உருவாக நூற்றாண்டுகள் பிடிக்கும் என்பதால், இழந்த மண்ணைத் திருப்பித் தரும் இழப்பீடு எந்தப் பேச்சுவார்த்தையிலும் கிடையாது.

தனி உடன்படிக்கை

யோசனை பழையது. 1981-இல் ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண் அமைப்பு உலக மண் சாசனம் ஒன்றை ஏற்றது. யாரையும் கட்டுப்படுத்தாத கொள்கை அறிக்கை அது. 1998-இல் ஜெர்மனியின் டுட்சிங் நகரிலிருந்து, மண்ணின் நீடித்த பயன்பாட்டுக்கென ஓர் உடன்படிக்கைக்கான முன்மொழிவே வந்தது. அரசுகள் அதைக் கையிலெடுக்கவில்லை. சாசனம் 2015-இல் திருத்தப்பட்டபோதும் சாசனமாகவே நின்றது.

இந்த வழியை ஆதரிப்பவர்களின் வாதத்தை நான் மதிக்கிறேன். மண் இன்று வேளாண் துறை, சுற்றுச்சூழல் துறை, நகரமைப்புத் துறை, சுரங்கத் துறை ஆகியவற்றுக்கு இடையில் சிதறிக் கிடக்கிறது. தனி உடன்படிக்கை வந்தால் அதற்கென ஒரு செயலகம், ஆண்டு நிதி, அறிக்கை தர வேண்டிய கடமை, பதில் சொல்ல வேண்டிய ஓர் அமைச்சர் எல்லாம் வரும். இது சிறிய ஆதாயம் இல்லை.

ஆனால் அவர்கள் முன்மாதிரியாகக் காட்டும் 1987-இன் மாண்ட்ரியல் நெறிமுறை எதனால் வென்றது என்று பார்க்க வேண்டும். ஓசோனை அரிக்கும் வேதிப்பொருள்களைத் தயாரித்த நிறுவனங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. மாற்றுப் பொருள்களை அவற்றாலேயே தயாரிக்க முடிந்தது. சேராத நாடுகளோடு அந்தப் பொருள்களின் வணிகம் தடுக்கப்பட்டது. ஏழை நாடுகளின் செலவுக்குத் தனி நிதி 1991 முதல் இயங்கியது. மண்ணின் நிலைமை நேர் எதிர். உலகில் 57 கோடிக்கு மேற்பட்ட பண்ணைகள் இருப்பதாக உணவு மற்றும் வேளாண் அமைப்பின் மதிப்பீடு சொல்கிறது. ஓரிடத்தில் மண்ணரிப்பு, இன்னோரிடத்தில் உவர், வேறோரிடத்தில் அமிலம், கன உலோகங்கள், கான்கிரீட்டுக்கு அடியில் புதைந்த வயல். உடன்படிக்கை எதைத் தடை செய்யும்? எல்லோருக்கும் பொருந்தும்படி எழுதினால் "அவரவரால் இயன்றதைச் செய்யலாம்" என்ற வாசகமே மிஞ்சும். அந்த வாசகம் ஏற்கெனவே நம்மிடம் ஏராளமாக இருக்கிறது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் அனுபவம் இங்கே கசப்பான சான்று. 2006-இல் மண்ணுக்கான சட்ட வரைவு ஒன்று அங்கே முன்வைக்கப்பட்டது. ஜெர்மனி, பிரான்ஸ், பிரிட்டன், நெதர்லாந்து, ஆஸ்திரியா ஆகிய ஐந்து நாடுகள் சேர்ந்து மறித்தன. எட்டு ஆண்டுகள் கிடப்பில் கிடந்து 2014-இல் அது திரும்பப் பெறப்பட்டது. பொது நாடாளுமன்றமும் பொது நீதிமன்றமும் பொதுச் சந்தையும் உள்ள நாடுகளுக்கே இவ்வளவு இழுபறி என்றால், அவை எதுவுமே இல்லாத 190-க்கும் மேற்பட்ட நாடுகளிடையே எத்தனை ஆண்டுகள் பிடிக்கும்? அந்த ஆண்டுகளில் மண் காத்திருக்காது.

இருப்பதை விரிப்பது

பாலைவனமாதலை எதிர்க்கும் ஐ.நா. உடன்படிக்கை 1994-இல் ஏற்கப்பட்டு 1996 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. 196 நாடுகளும் ஐரோப்பிய ஒன்றியமுமாக 197 தரப்புகள் அதில் இருக்கின்றன. சட்டப்படி கட்டுப்படுத்தும் உலக உடன்படிக்கைகளில் நிலத்துக்கு மிக அருகில் வருவது இதுதான். செயலகம், மாநாடு, அறிவியல் குழு, நிதிப் பொறியமைப்பு எல்லாம் தயாராக இருக்கின்றன. புதிதாகக் கட்ட வேண்டியதில்லை.

குறை அதன் முதல் விதியிலேயே இருக்கிறது. வறண்ட, அரை வறண்ட, ஓரளவு ஈரமுள்ள வறள் பகுதிகளில் நேரும் நிலச் சீரழிவையே அது பாலைவனமாதல் என்கிறது. உலக நிலப்பரப்பில் ஏறத்தாழ 40 விழுக்காடு இதற்குள் வரும். மழைக்காட்டை அழித்து உழுத மண், தொழிற்சாலைக் கழிவில் நனைந்த மண், நகரத்துக்கு அடியில் மூடப்பட்ட மண் ஆகியவை சொல்லளவில் வெளியே நிற்கின்றன.

சொல்லைத் தாண்டி நடைமுறை நகர்ந்துவிட்டது என்பதுதான் எனக்கு நம்பிக்கை தருகிறது. 2015-இல் ஏற்கப்பட்ட நீடித்த வளர்ச்சி இலக்குகளில் 15.3 என்பது, 2030-க்குள் நிலச் சீரழிவில் நடுநிலையை எட்டும்படி சொல்கிறது. அதாவது ஓரிடத்தில் கெடுவதை இன்னோரிடத்தில் சீராக்கி, மொத்தக் கணக்கில் இழப்பு வராமல் பார்த்துக்கொள்வது. அதே ஆண்டு அங்காராவில் கூடிய மாநாடு இதை உடன்படிக்கையின் வேலையாக எடுத்துக்கொண்டது. 130-க்கும் மேற்பட்ட நாடுகள் தங்களுக்கான இலக்குகளை வகுக்க முன்வந்தன. வறள்நிலம் இல்லாத நாடுகளும் அவற்றில் உண்டு. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் தனியாக எழுதி உடன்படிக்கையோடு சேர்த்த பின்னிணைப்புகளும் தொடக்கத்தில் நான்குதான். மத்திய, கிழக்கு ஐரோப்பாவுக்கான ஐந்தாவது பின்னால் சேர்க்கப்பட்டது. முதல் விதியை உடைக்காமலே வீட்டை விரிக்கலாம் என்பதற்கு இது சான்று.

சிக்கல் அளவீட்டில். நிலத்தின் போர்வை (காடு, வயல், கட்டடம் என நிலத்தை மூடியிருப்பது), நில உற்பத்தித் திறன், கரிம இருப்பு என்று மூன்று குறியீடுகளை வைத்துச் சீரழிவைக் கணக்கிடுகிறார்கள். மூன்றில் ஒன்று சரிந்தாலும் அந்த நிலம் சீரழிந்ததாகவே பதிவாகும். விதி கண்டிப்பானது, நல்லது. நாடுகள் தந்த அறிக்கைகளின்படி 2015-க்கும் 2019-க்கும் இடையில் சீரழிந்த நிலத்தின் பங்கு 11.3 விழுக்காட்டிலிருந்து 15.5 விழுக்காடாக உயர்ந்தது. ஆனால் இந்தக் கணக்கின் பெரும்பகுதி செயற்கைக்கோள் படத்திலிருந்து வருகிறது. பச்சையாகத் தெரியும் வயல் நல்ல வயல் என்று அது எடுத்துக்கொள்ளும். அந்தப் பச்சை உரத்தாலும் நிலத்தடி நீராலும் தாங்கிப் பிடிக்கப்பட்டதாக இருக்கலாம். அடியில் மண் இறுகியிருக்கலாம், காட்மியம் என்ற நச்சு உலோகம் ஏறியிருக்கலாம், உவர் மேலே வந்துகொண்டிருக்கலாம். மண்ணின் கரிமத்தைப் பல நாடுகள் குழி தோண்டி அளப்பதே இல்லை. நிலப் போர்வை மாறியதை வைத்து மதிப்பிட்டு எழுதுகின்றன. மண்ணைத் தொடாமலே மண்ணின் நிலையை எழுதும் இந்த வழக்கம்தான் என் பார்வையில் மிகப் பெரிய ஓட்டை.

பணமும் போதவில்லை. 2024 டிசம்பரில் ரியாத்தில் நடந்த 16-ஆவது மாநாட்டில் 1,200 கோடி டாலருக்கு மேல் உறுதியளிக்கப்பட்டது. உடன்படிக்கைச் செயலகத்தின் சொந்த மதிப்பீடோ, 2030 வரை நாளொன்றுக்கு 100 கோடி டாலர் தேவை என்கிறது. அறிவித்தது முழுவதும் வந்து சேர்ந்தாலும் பன்னிரண்டு நாள் தேவைக்குத்தான் காணும். வறட்சிக்குக் கட்டுப்படுத்தும் நெறிமுறை வேண்டும் என்று ஆப்பிரிக்க நாடுகள் அங்கே கேட்டதும் முடிவாகாமல் தள்ளிப்போனது.

கூட்டாண்மையும் ஆய்வகங்களும்

2012-இல் உணவு மற்றும் வேளாண் அமைப்பின் கீழ் உருவான உலக மண் கூட்டாண்மை யாரையும் கட்டாயப்படுத்தாது. 27 அறிவியலாளர்கள் கொண்ட தொழில்நுட்பக் குழு ஒன்று அதற்கு ஆலோசனை சொல்கிறது. 2015-இல் வெளியான உலக மண்வள நிலை அறிக்கை, 2016-இன் நீடித்த மண் மேலாண்மை வழிகாட்டி, 2019-இன் உரப் பயன்பாட்டு நடத்தை நெறி எல்லாம் இங்கிருந்து வந்தவை. "கட்டாயமில்லாத வழிகாட்டியால் என்ன பயன்?" என்று பலர் இதை ஒதுக்கிவிடுகிறார்கள். வழிகாட்டிகளைப் பொறுத்தவரை அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் இதே கூட்டாண்மை செய்யும் இன்னொரு வேலை பெரும்பாலும் கவனத்துக்கு வருவதில்லை: 2017-இல் தொடங்கிய உலக மண் ஆய்வக வலையமைப்பு.

இது ஏன் முக்கியம் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மண்ணின் கரிமத்தை அளக்க நெடுங்காலமாகப் பல ஆய்வகங்கள் பயன்படுத்துவது 1930-களில் வந்த வாக்லி-பிளாக் முறை. டைகுரோமேட்டையும் கந்தக அமிலத்தையும் சேர்த்துக் கரிமத்தை ஆக்சிஜனேற்றம் செய்யும் இந்த முறையில், உள்ள கரிமம் முழுவதும் வினைபுரிவதில்லை. சராசரியாக 77 விழுக்காடுதான் பிடிபடும் என்று எடுத்துக்கொண்டு, விடையை ஏறத்தாழ 1.3-ஆல் பெருக்குகிறார்கள். மண்ணுக்கு மண் அந்த விழுக்காடு மாறும். உலர் எரிப்பு முறையில் மாதிரியை எரித்து வெளிவரும் வாயுவை அளப்பவர்களுக்கு அதே மண்ணில் வேறு எண் கிடைக்கும். மணிச்சத்தை (பாஸ்பரஸ்) எடுத்துக்கொண்டால், கார மண்ணுக்கு ஆல்சன் முறை, அமில மண்ணுக்குப் பிரே முறை, இவை தவிர மெஹ்லிக் முறை. ஒன்றின் எண்ணை இன்னொன்றோடு நேராக ஒப்பிட முடியாது. கரிமத்தின் விழுக்காடு சரியாகக் கிடைத்தாலும், மண்ணின் பருமனடர்த்தியை, அதாவது ஒரு கன அளவு மண் எவ்வளவு எடை என்பதை, அளக்காவிட்டால் ஒரு ஹெக்டேரில் எத்தனை டன் இருக்கிறது என்று சொல்லவே முடியாது.

இப்படி இருக்கும்போது இரண்டு நாடுகள் "எங்கள் மண்ணில் கரிமம் கூடியிருக்கிறது" என்று ஒரே மேசையில் வைக்கும் எண்கள் ஒரே பொருளைச் சொல்வதில்லை. நீட்டலளவையில் ஒப்புதல் இல்லாமல் துணி வாங்குவதும் விற்பதும் போன்ற நிலை இது. ஆய்வக வலையமைப்பு பொதுச் செயல்முறைகளை வகுக்கிறது. ஒரே மாதிரியைப் பல ஆய்வகங்களுக்கு அனுப்பி விடைகளை ஒப்பிட வைக்கிறது. தவறும் ஆய்வகத்துக்குப் பயிற்சி தருகிறது. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளின் ஆய்வகங்கள் இதில் சேர்ந்திருக்கின்றன. பெரிய அறிவிப்புகள் எதுவும் இல்லாத இந்த வேலைக்கு வரும் பணம் மிகக் குறைவு. நாளை எந்த உடன்படிக்கை வந்தாலும் அது நிற்கப்போவது இந்த அடித்தளத்தில்தான்.

வட்டாரச் சட்டங்கள்

ஆல்ப்ஸ் மலை நாடுகள் 1991-இல் செய்துகொண்ட உடன்படிக்கையின் கீழ் 1998-இல் மண் பாதுகாப்பு நெறிமுறை ஒன்று வந்தது. 2002-இல் நடைமுறைக்கு வந்தது. மண்ணுக்கென்றே எழுதப்பட்டு, நாடுகளைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டுச் சட்டம் என்று சொல்லத்தக்கது அதுதான். நிலையற்ற சரிவுகளில் பனிச்சறுக்குத் தடங்கள் அமைக்க அனுமதி தரக் கூடாது என்ற அளவுக்கு அது குறிப்பானது. எல்லைக்குள் உள்ள நாடுகளின் மண்ணும் ஆபத்தும் ஒன்றுபோல் இருந்ததால்தான் இவ்வளவு குறிப்பாக எழுத முடிந்தது. சுவிட்சர்லாந்து கையெழுத்திட்டும் இன்றுவரை ஏற்புறுதி (சட்டப்படி கட்டுப்படுவதற்கான இறுதி ஒப்புதல்) தரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

எல்லா வட்டாரங்களுக்கும் இந்த வாய்ப்பு அமையவில்லை. தென்கிழக்கு ஆசிய நாடுகள் 1985-இல் கையெழுத்திட்ட இயற்கைப் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் மண்ணுக்கென ஒரு விதி இருந்தது. போதிய ஏற்புறுதி கிடைக்காமல் ஒப்பந்தம் நடைமுறைக்கே வரவில்லை. ஆப்பிரிக்க நாடுகள் 2003-இல் மபூட்டோவில் திருத்திய உடன்படிக்கை 2016 வரை காத்திருந்தது.

ஐரோப்பா திரும்ப வந்த விதம்தான் எனக்கு மிகப் பெரிய பாடம். 2014-இல் தோற்ற அதே ஒன்றியம், 2023-இல் புதிய வரைவைக் கொண்டுவந்து 2025-இல் மண் கண்காணிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. முதல் வரைவிலிருந்து பல கடமைகள் கழன்றுபோயின. நில உரிமையாளர் மண்ணைச் சீராக்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 2050-க்குள் நலமான மண் என்பது நோக்கமாக மட்டுமே நிற்கிறது. கடைசிவரை நின்ற கடமை, எல்லா நாடுகளும் பொதுவான அளவுகோல்களில் மண்ணை அளந்து சொல்ல வேண்டும் என்பதுதான். அதற்கும் ஒரு முன்வரலாறு உண்டு: 2009 முதலே ஒன்றியம் முழுவதும் ஒரே முறையில் மண் மாதிரிகள் எடுத்து ஒரே விதமாக ஆய்ந்து வந்தார்கள். 60 முதல் 70 விழுக்காடு மண் நலமற்றது என்ற மதிப்பீட்டை முன்வைத்துப் பேச முடிந்தது அதனால்தான். அளவீடு முதலில் வந்தது, சட்டம் பின்னால் வந்தது.

கரிமத்துக்குப் பணம்

2015 டிசம்பரில் பாரிஸ் காலநிலை மாநாட்டின்போது பிரான்ஸ் "ஆயிரத்துக்கு நான்கு" என்ற முயற்சியைத் தொடங்கியது: மண்ணின் கரிம இருப்பை ஆண்டுக்கு 0.4 விழுக்காடு கூட்டுவது. மண்ணைக் காலநிலைப் பேச்சின் நடுவே கொண்டுவந்து வைத்ததற்காக இதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் இதையே பண வழியாக நம்பி மற்றதை விடுவது ஆபத்து. 0.4 விழுக்காடு மாற்றத்தை ஓர் ஆண்டில் அளந்து காட்ட இயலாது. வயலுக்குள்ளேயே இடத்துக்கு இடம் உள்ள வேறுபாடு அதைவிட மிகப் பெரியது. கரிமம் மட்காக நிலைக்கத் தழைச்சத்தும் (நைட்ரஜன்) வேண்டும், ஏறத்தாழ பன்னிரண்டு பங்கு கரிமத்துக்கு ஒரு பங்கு. அந்தத் தழைச்சத்து எங்கிருந்து வரும் என்பதற்கு எளிய விடை இல்லை. சேர்த்த கரிமம் சில ஆண்டு உழவிலோ வறட்சியிலோ வெளியேறிவிடலாம். மேலும், ஏற்கெனவே மண்ணை நன்றாக வைத்திருக்கும் உழவருக்கு இந்தக் கணக்கில் கூடுதல் என்று எதுவும் வராது. அவர் பணம் பெறமாட்டார். இது எனக்கு அநீதியாகவே படுகிறது.

எதைத் தேர்ந்தெடுப்பது

என் தேர்வு: இருக்கும் உடன்படிக்கையை விரிப்பதற்கும் ஆய்வக வலையமைப்புக்கும் முதல் உழைப்பு. இரண்டையும் ஒன்றோடொன்று கட்ட வேண்டும். பாலைவனமாதல் உடன்படிக்கையின் இப்போதைய செயல்திட்டம் 2018 முதல் 2030 வரைக்கானது. அடுத்ததை எழுதியாக வேண்டிய காலம் இது. மங்கோலியாவில் 2026-இல் அமையும் 17-ஆவது மாநாடு அதற்கான மேடைகளில் ஒன்று. அங்கே கேட்க வேண்டியது குறிப்பானது: களத்தில் எடுத்த மண் மாதிரி, வலையமைப்பின் பொதுச் செயல்முறை, பருமனடர்த்தி, உவர், மாசு ஆகியவற்றையும் நாடுகளின் அறிக்கையில் சேர்ப்பது, அதற்கான செலவை ஏழை நாடுகளுக்குக் கொடுப்பது. கட்டாயம் உடன்படிக்கையிடமிருந்து வரட்டும், முறை கூட்டாண்மையிடமிருந்து வரட்டும்.

இதோடு சேர்த்து வலியுறுத்த வேண்டியது நில உரிமை. நைஜரில் 1980-களிலிருந்து உழவர்கள் வயலில் தாமாக முளைக்கும் மரக்கன்றுகளை வெட்டாமல் வளர்த்ததில் சுமார் 50 லட்சம் ஹெக்டேர் மீண்டது. மரம் அரசுக்குச் சொந்தம் என்ற நிலை இருந்தவரை யாரும் அதைக் காக்கவில்லை. வளர்த்தவருக்கே பயன் என்ற நிலை வந்தபின் காத்தார்கள். சீனாவின் மஞ்சள் மண் மேட்டுநிலத்தில் 1994-இல் உலக வங்கி உதவியோடு தொடங்கிய திட்டத்திலும், சீராக்கிய நிலத்தை நெடுங்காலம் பயன்படுத்தும் உரிமை உழவர்களுக்குக் கிடைத்தது. அடுத்த ஆண்டு தன் கையில் இருக்குமா என்று தெரியாத நிலத்தில் வரப்பு போடவும் தொழு உரம் இடவும் யாருக்கு மனம் வரும்? 2019-இல் புதுதில்லி மாநாடு நில உரிமையை முதன்முறையாக முடிவாகவே ஏற்றது. அதைத் திட்டப் பணத்தோடு பிணைக்க வேண்டும்.

நீங்கள் யார் என்பதைப் பொறுத்து இந்த வரிசை மாறும். பொது ஆற்றுப்படுகையையோ பொது மலைத்தொடரையோ பகிரும் நாடுகளின் அரசு அதிகாரியாக இருந்தால் வட்டார நெறிமுறையை முதலில் வைப்பேன். அங்கே விரைவாகவும் குறிப்பாகவும் எழுத முடியும். அறக்கட்டளையாக இருந்தால் ஆய்வகத்துக்கும் அங்கே வேலை செய்யும் ஆட்களின் பயிற்சிக்கும் பத்தாண்டுப் பணம் கொடுப்பேன்; இரண்டு ஆண்டுத் திட்டங்களால் மண்ணில் எதையும் அளந்து முடிக்க முடியாது. கரிமப் பணத்தைப் பயன்படுத்துகிறவர்கள், சேர்ந்த டன்னுக்கு மட்டும் கொடுக்காமல் மூடுபயிர், உழவு குறைத்தல், வரப்பு போன்ற செயல்களுக்குக் கொடுப்பது மேல்.

தனி உடன்படிக்கையை நான் கைவிடச் சொல்லவில்லை. 2030-க்குப் பிந்தைய செயல்திட்டமும் செயற்கைக்கோள் குறியீடுகளோடு நின்று, வறள்நிலத்துக்கு வெளியே உள்ள மண்ணை மீண்டும் விட்டுவிட்டால், அப்போது என் உழைப்பை அந்தப் பக்கம் திருப்புவேன். அதற்குள் சில வட்டாரங்களில் சட்டமும், நூறு நாடுகளில் ஒப்பிடத்தக்க எண்களும் கையில் இருக்கும். டுட்சிங் முன்மொழிவை 1998-இல் வைத்தவர்களிடம் அவை இரண்டும் இல்லை.